245/40ஆர்18இல் நிற்பதா, 17க்கு இறங்குவதா? வன்னி றோட்டுக்கு எஸ்ரிஐ ரயர்

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். கார் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்ரிஐ, 2010, ஐந்து கதவு, மனுவல் கியர், பிரெம்போ பிறேக். கம்பனி அளவு 245/40ஆர்18 (ரயர் அகலம் 245 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம், றிம் 18 அங்குலம்). றிம் 18×8.5, ஒப்செற் (றிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பூட்டுற முகம் வரையான தூரம்) 55 மிமீ. ஓட்டத்தில் முக்கால்வாசி ஏ9. மிச்சம் மாங்குளத்தால் உள்ளிட்டு ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கம்; அங்கால கிளை றோட்டெல்லாம் கிரவல். முன் ரயர் இரண்டும் மதகு விளிம்பில் அடிபட்டுப் பக்கச்சுவர் பொம்மி நிக்குது. பின் ரயர்களில் தவாளிப்பு (ரயர் முகத்துப் பள்ளத்தின் ஆழம்) இன்னும் 4 மிமீ இருக்கு.

கேட்கிறது மூன்று விசயம். 18இலேயே 225/45 அல்லது 235/45 போட்டால் காணுமா, 17 றிம்முக்கு இறங்கத்தான் வேணுமா? முன்னுக்கு மட்டும் இரண்டு புதுசு வாங்கலாமா? எந்தப் பிராண்ட் இந்த வெயிலுக்கும் மாரி மழைக்கும் சரிவரும்? மாரி துவங்க முதல் வேலையை முடிக்க வேணும்.

மறுமொழி 1 (வவுனியா)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லுறன், காசு பெரிசாய்ப் போறது அதில்தான். இரண்டு மட்டும் போடாதேங்கோ.

புது ரயரில் தவாளிப்பு ஏறக்குறைய 8 மிமீ. உங்கட பின் ரயரில் 4. ஆரை 4 மிமீ வித்தியாசம் எண்டால் சுற்றளவு 25 மிமீ வித்தியாசம். இது நாலு சில்லும் இழுக்கிற கார்; சுபாரு நாலு சில்லுக்கும் இடையில் அனுமதிக்கிறது சுற்றளவில் கால் அங்குலம், அதாவது 6 மிமீ சொச்சம். தவாளிப்பில் பார்த்தால் 1 மிமீதான். இந்த அளவு சில்லு ஒரு கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட 490 தரம் சுத்தும். முன்னுக்குப் புதுசும் பின்னுக்குப் பழசும் எண்டால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 12 மீற்றர் வித்தியாசத்தை நடு டிபரென்சியல் (முன், பின் சில்லுகளுக்குப் பலத்தைப் பிரிக்கிற பெட்டி) விழுங்க வேணும், அதுவும் நேர் றோட்டில், ஓய்வில்லாமல். எண்ணெய் கொதிக்கும், கிளட்ச் தட்டு தேயும், ஸ்ரேறிங் திருப்பிற நேரம் இறுக்கிப் பிடிக்கும். அந்தத் திருத்த வேலைக்குப் போற காசோடு பார்த்தால் நாலு ரயர் மலிவு.

அதனால் நாலும் ஒரே பிராண்ட், ஒரே மொடல், ஒரே அளவு. கை தாங்கினால் ஐந்தாவதும் வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கோ. பாதி ஓடின பிறகு ஒன்று வெடித்தால் புது ரயரின் தவாளிப்பைச் சீவி மற்ற மூன்றோடு சமப்படுத்தலாம், அந்த மெசின் இருக்கிற கடை கிடைத்தால். ஒரு சில்லைத் தனியே விடாமல் 5,000 கிமீக்கு ஒருக்கால் முன்னதும் பின்னதும் மாத்திப் போட்டு வந்தால் நாலும் சேர்ந்தே தேயும்.

இனி அளவு. உங்கட கம்பனி ரயரின் வெளிவிட்டம் 653 மிமீ, பக்கச்சுவர் உயரம் 98 மிமீ.

225/45ஆர்18: விட்டம் 660, பக்கச்சுவர் 101. கூடினது 3 மிமீதான், அதுக்காக மாத்திறதில் அர்த்தமில்லை. இந்த அளவுக்கு 8.5 அங்குல றிம்தான் உச்ச அகலம், ரயர் இழுபட்டு நிக்கும். றிம் விளிம்பு ரயருக்கு வெளியால தெரியும். அடுத்த மதகு விளிம்பு நேரே அலுமினியத்தில் அடிக்கும்.

235/45ஆர்18: விட்டம் 669, பக்கச்சுவர் 106. றிம்முக்குப் பொருத்தம், கம்ரி போன்ற கார்களுக்கும் இதே அளவு எண்டதால் தேடிப் பிடிக்கிறதும் சுலபம். ஆனால் விட்டம் 2.4 சதவீதம் கூட. மீற்றர் 70 காட்டும்போது, அந்த மீற்றர் முன்னம் சரியாய்க் காட்டியிருந்தால், உண்மையில் 71.7 ஓடுவியள். கியரும் அந்தளவு நீளும். முன் சில்லை முழுக்கத் திருப்பி உள் மட்காட்டில் முட்டுதா, ஸ்பிரிங் இருக்கிற தட்டுக்கும் ரயருக்கும் இடைவெளி இருக்கா எண்டு பார்த்துத்தான் போட வேணும்.

245/45ஆர்17: விட்டம் 652, பக்கச்சுவர் 110. கம்பனி விட்டத்தோடு 1 மிமீ வித்தியாசம், பக்கச்சுவர் 12 மிமீ கூட. மீற்றர், கியர், ஏபிஎஸ் ஒன்றும் குழம்பாது. என்ர தெரிவு இதுதான். மதகு விளிம்பில் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கிற றப்பர்தான் உங்களைக் காப்பாத்தும். அந்த 12 மிமீயை எந்தப் பிராண்டும் தராது.

மறுமொழி 2 (முல்லைத்தீவு)

17க்கு நானும் கை உயர்த்துறன். ஆனால் பிரெம்போவுக்கு எல்லா 17 றிம்மும் ஏறாது. விட்டம் காணும், றிம் கம்பியின் வளைவுதான் கலிப்பரில் (பிறேக் பட்டையை அமுக்கிற பாகம்) முட்டும். ரயர் போட முதல் வெறும் றிம்மைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கோ. பள்ளிப் பிள்ளையள் உருட்டுற களிமண்ணில் 4 மிமீ தடிப்பில் ஒரு பட்டையைக் கலிப்பரின் முகத்திலும் மேல் முதுகிலும் ஒட்டி, றிம்மைப் போட்டு ஐந்து நட்டையும் இறுக்கி, கையால் ஒரு சுத்து மெதுவாய்ச் சுத்தவும். கழட்டினால் களிமண்ணில் கோடு விழுந்த இடம் தெரியும். மிஞ்சின களிமண் 3 மிமீக்குக் குறைவு எண்டால் அந்த றிம் வேண்டாம். ஸ்பேசர் (ஹப்புக்கும் றிம்முக்கும் இடையில் வைக்கிற தட்டு) போட்டுத் தப்பலாம் எண்டு யாரும் சொன்னால், ஹப்பின் நடு மேடு றிம்முக்குள் எவ்வளவு உள்ளிடுது, நட் எத்தனை புரி பிடிக்குது எண்டதை முதல் பாருங்கோ.

ஒப்செற் கணக்கு. 18×8.5, 55 ஒப்செற்றில் றிம்மின் வெளிவிளிம்பு ஹப் முகத்திலிருந்து 53 மிமீ வெளியே, உள்விளிம்பு 163 மிமீ உள்ளே. 17×8, 48 ஒப்செற் எடுத்தால் வெளியே 54, உள்ளே 150. வெளிப்பக்கம் பழையபடி, உள்பக்கம் 13 மிமீ தாராளம். 45இலிருந்து 53 வரைக்கும் பிரச்சினை இல்லை.

பழைய யப்பான் றிம் விக்கிற இடங்களில் லான்சர் எவலூசன் றிம் 17×8, 38 ஒப்செற் கண்ணில் படும். பிசிடி (நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை நிக்கிற வட்டத்தின் விட்டமும்) இரண்டுக்கும் 5×114.3தான், நட் துளை பொருந்தும். நடுத்துளை பொருந்தாது: லான்சருக்கு 67.1, சுபாருவுக்கு 56.1. இடைவெளியை நிரப்ப 67.1க்கு 56.1 ஹப் றிங் நாலு வேணும், அது இல்லாமல் பூட்டினால் பலன்ஸ் மெசினில் எவ்வளவு சரியாய் வந்தாலும் 80இல் ஸ்ரேறிங் நடுங்கும். அதோடு சில்லு 10 மிமீ வெளியே வரும். நாலு பேர் ஏறி கிடங்கில் விழுந்தால் மட்காட் உள்மடிப்பு ரயரைச் சீவும்.

மறுமொழி 3 (பரந்தன், ரயர் வேலை)

பிராண்ட் கேட்டியள். முதலில் ரயரில் எழுதியிருக்கிறதை வாசிக்கப் பழகுங்கோ, பேர் பிறகு.

டிஓடி எழுத்துக்குப் பிறகு வாற கடைசி நாலு இலக்கம் உற்பத்தி வாரமும் வருசமும். 3223 எண்டால் 2023இன் 32ஆம் வாரம். இது ரயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாய் இருக்கும், மறுபக்கம் பார்த்து இல்லையெண்டு விடாதேங்கோ. இரண்டு வருசத்துக்கு மேல் கடையில் கிடந்த ரயரைப் புது விலைக்கு எடுக்க வேண்டாம். வாசலில் வெயில்பட அடுக்கி வைச்சிருந்த ரயர் எண்டால் திகதி எப்படி இருந்தாலும் விடுங்கோ.

அடுத்தது சுமை எண். 93 எண்டால் ஒரு ரயர் 650 கிலோ தாங்கும், 97 எண்டால் 730. 97 வாற 245/40ஆர்18இல் எக்ஸ்எல் (கூடின சுமை வகை) எண்டு போட்டிருக்கும். அந்த 730 கிடைக்கிறது காத்து அழுத்தம் 42 பிஎஸ்ஐயில்தான். 93இன் 650 கிடைக்கிறது 36இல். இரண்டுக்கும் 33 அடிச்சால் தாங்கிறது ஏறக்குறைய ஒரே கிலோ. எக்ஸ்எல் வாங்கினனான், இனிக் காத்துக் குறைய அடிக்கலாம் எண்டு நினைக்கிற ஆக்களின்ர ரயர்தான் எங்களிட்டப் பொம்மலோடு வரும். 245/45ஆர்17 சாதாரணமாய் 95, அதாவது 690 கிலோ. கம்பனி அளவைவிட நல்லம்.

பிராண்ட்: மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4, 5 இரண்டும் 17இல் வருது, மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ரயர் வேணும் எண்டால் என்ர முதல் தெரிவு அதுதான். கொன்டினென்டல் பக்கச்சுவர் இளக்கம், கிடங்கில் சுகமாய் இருக்கும், ஸ்ரேறிங் பதில் கொஞ்சம் பிந்தும். பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா பக்கச்சுவர் விறைப்பு, ஏ9க்கு அருமை, கிரவலில் முதுகு சொல்லும். காசு இடிக்குது எண்டால் யோக்கஹாமா, ஹன்குக், கும்ஹோ, மக்ஸிஸ் இதுகளின்ர ஸ்போர்ட் வகை போடுங்கோ. பழைய ஸ்ரொக் மிச்செலினைவிடப் புது ஹன்குக் எவ்வளவோ மேல். ரயரில் ரெட்வெயார் (தேய்மான இலக்கம்) 200 அல்லது அதுக்குக் கீழ எண்டு போட்டிருக்கிற பந்தய வகை, யோக்கஹாமா அட்வான் ஏ052 மாதிரி, வேண்டாம். றப்பர் ஒட்டும், கிரவல் கல்லை அள்ளி மட்காட்டுக்குள் அடிக்கும், தவாளிப்பும் குறைவு, மாரிக்கு ஆகாது. ரெட்வெயார் இலக்கத்தை ஒரே பிராண்டுக்குள் மட்டும் ஒப்பிடுங்கோ, அது அந்தந்தக் கம்பனி தானே போடுற இலக்கம்.

காத்து: கதவுக் கம்பத்தில் இருக்கிற தாளின்படி, விடிய, கார் ஓட முதல். மத்தியானம் ஓடி வந்து நிப்பாட்டி 37 காட்டுது எண்டு 33க்கு இறக்கினால் அடுத்த நாள் விடிய 29இல் நிக்கும். கிரவலுக்குப் போறம் எண்டு 25க்கு இறக்கிறது ஜீப்புக்குச் சரி, பக்கச்சுவர் குட்டையான இந்த ரயருக்கு இல்லை. மழையிலும் அது ஆபத்து. விமானச் சில்லுகளுக்கு நாசா கண்ட சூத்திரப்படி தவாளிப்புத் தேய்ந்த ரயர் 33 பிஎஸ்ஐயில் மணிக்கு 96 கிமீக்குக் கிட்டத் தண்ணியில் மிதக்கத் துவங்கும், 25இல் 83. காரின் அகல ரயர் அதுக்கும் முந்தி மிதக்கும். மாரி காலத்தில் 3 மிமீக்குக் குறைஞ்ச ரயரோடு ஏ9இல் ஓடாதேங்கோ, தேய்வைக் காட்டுற 1.6 மிமீ மேடு தெரியும்வரை காத்திருக்கிற கணக்கு மழைக்குப் பொருந்தாது.

பொம்மின ரயர் இரண்டையும் இண்டைக்கே கழட்டுங்கோ. உள்ளுக்கு நூல் அறுந்து போச்சு, மிச்சம் றப்பர் மட்டும்தான் காத்தைப் பிடிக்குது. ஒட்டுப் போட முடியாது.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணையள். இங்க விசாரிச்சதில் 225/50ஆர்17 கையிருப்பில் இருக்கு, 2 மாதத்துக்கு முந்தின திகதி. 245/45ஆர்17 கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேணும். 225/50 போடலாமா? றிம் 17×8, 50 ஒப்செற் பார்த்து வைச்சிருக்கிறன்.

மறுமொழி 1 (வவுனியா)

விட்டம் 657, சுமை 94, அதெல்லாம் சரி. ஆனால் 225/50க்கு 8 அங்குலம்தான் உச்ச அகலம்; 18இல் 225/45க்குச் சொன்ன அதே குறை. பக்கச்சுவர் 112 மிமீ இருக்கிறதால் றிம் தப்பும், பிறேக் பிடிக்கிறதிலும் திருப்பத்திலும் 20 மிமீ அகலம் குறைவு தெரியும். மழைக்கு மட்டும் பார்த்தால் ஒடுக்கம் நல்லம். இந்தக் காரின் பலத்துக்கு நான் 245க்குக் காத்திருப்பன்.

மறுமொழி 3 (பரந்தன், ரயர் வேலை)

காத்திருக்கிற நாளில் றிம்முக்குக் களிமண் சோதனையை முடியுங்கோ. றிம்மைப் பலன்ஸ் மெசினில் வெறுமனே சுத்தவிட்டு விளிம்பு ஆடுதா பாருங்கோ. 1 மிமீக்கு மேல் ஆடினால் வேற றிம். பூட்டேக்க வால்வும் புதுசு. நட்டைக் காத்துத் துவக்கால் இறுக்க விடாதேங்கோ, நட்சத்திர ஒழுங்கில் டோர்க் ரெஞ்சால் கைநூலில் இருக்கிற அளவுக்கு. 100 கிமீ ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கால். எலைன்மென்ட்டை ரயர் போட்டு முடிச்ச பிறகு செய்யவும், மதகில் அடிபட்ட கார் எண்டு சொல்லியே குடுங்கோ. கீழ்க்கை (சில்லைப் பிடிக்கிற கீழ்ப்பக்கக் கை) வளைஞ்சிருந்தால் புது ரயரின் உள்விளிம்பு 3,000 கிமீக்குள் தேய்ஞ்சு போகும், வெளியால பார்க்கத் தெரியாது.