புதுப்பிப்பு: பள்ளிப் படிவத்தில் என் இனம்

மகனின் பள்ளிப் படிவத்தில் தாயின் இனத்துக்கு எந்தக் கட்டம் என்று போன பதிவில் கேட்டிருந்தேன்: மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின் (மலாயில் ‘மற்றவர்’). நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்தவள்.

நேற்று கொடுத்துவிட்டேன். பள்ளி கிராணி (எழுத்தர்) அக்கா, “சிலோன்னா லாயின்-லாயின்லே போடும்மா” என்றார். அத்தை விடவில்லை: “தமிழ்ப் பிள்ளை, இந்தியர்தான்!” இங்கே மக்கள்தொகைக் கணக்கிலும் இலங்கைத் தமிழர் இந்தியர் பிரிவில்தான். சரி என்று அதில் டிக் போட்டு, பக்கத்திலேயே நீலப் பேனாவால் ‘மலையகத் தமிழர்’ என்று எழுதினேன்; தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். அக்கா அதை அடித்து அழிக்கவில்லை.

இலங்கையில் 1911 கணக்கெடுப்பிலிருந்தே எங்களை ‘இந்தியத் தமிழர்’ என்று பிரித்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் எங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அத்தை ‘இந்தியர்’ என்று பெருமையாகச் சொல்லும்போதும் எனக்கு அந்தப் பழைய கதைதான் வலிக்கிறது. அடுத்து கிளினிக் அட்டை. அங்கேயும் இப்படியே எழுதுவேன்.