லேண்ட்போர்டில் காற்றுக்கு எதிரே ஏற முடியவில்லை (ரோமோ, டென்மார்க்)

கொக்குப்பட்டம் (ஹெர்னிங்)

வணக்கம். பவர் கைட் (ஆளை இழுக்கிற பெரிய பட்டம்) பிடித்து லேண்ட்போர்டு (சில்லு வைத்த பலகை) ஓடுகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பற்றிக் கதைக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பட்டம் இழுத்துக்கொண்டு போக அதன் பின்னால் ஓடுகிற ஆட்களைத்தான் காணவில்லை.

நான் ஓடுவது ரோமோத் தீவின் தெற்குக் கடற்கரையில். ஹெர்னிங்கில் இருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம், காரைக் கடற்கரை மணலிலேயே கொண்டுபோய் நிறுத்தலாம். கைட் 8 சதுர மீட்டர், நாலு நூல், கையில் பிடித்து ஓட்டுகிற தண்டு (பார்) உள்ளது, ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். பலகைக்கு 9 அங்குலச் சில்லு. என் எடை 82 கிலோ. போன சனிக்கிழமை காற்று விநாடிக்கு 6 முதல் 7 மீட்டர், மேற்கு–தென்மேற்கில் இருந்து, ஒரே சீராக வந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

கைட்டை எழுப்ப முடிகிறது, பலகையில் நின்று புறப்பட முடிகிறது, இரண்டு பக்கமும் ஓட முடிகிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரத்தான் முடியவில்லை. தண்ணீர்க் கரையோரம் தொடங்குவேன், இரண்டு மூன்று ஓட்டத்தில் மணல்மேட்டின் அடியில் கிடப்பேன். பிறகு கைட்டைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு, பழையபடி கரை வரைக்கும் நடை. ஓடுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம்தான் அதிகம்.

இன்னொரு விசித்திரம். வடக்கே ஓடும்போது பறக்கிறேன். தெற்கே திரும்பினால் வேகமே வராது. கைட்டை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டித்தான் ஓட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் மேட்டுப் பக்கம் போய்விடுகிறேன்.

கடலில் கைட் ஓடுகிற நண்பன் ஒருவன், 'குதிகாலை நன்றாக ஊன்று, பலகையின் விளிம்பை அழுத்து, தானாக ஏறும்' என்றான். அழுத்தினால் பலகை காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுகிறது. கைட் தலைக்கு மேல் போய், நூல் தளர்ந்து, பின்பக்கமாகச் சரிகிறது. பக்கத்தில் பக்கியில் (கைட் இழுக்கிற சின்னச் சில்லு வண்டி) உட்கார்ந்து ஓடிய ஒரு டேனிஷ் பெரியவர் ஒரு வியர்வையும் இல்லாமல் தண்ணீர் வரை ஏறி ஏறிப் போனார். எரிச்சலாக இருந்தது.

கைட் பழசு என்பதால் இப்படியா? இன்னும் பெரியது வாங்கவா?

ஆரஞ்சு_வால் (நெதர்லாந்து)

82 கிலோவுக்கு 8 மீட்டர் காணாது. 10 அல்லது 11 எடுங்கள். இழுவை இருந்தால் எல்லாம் சரிவரும்.

மணல்வண்டி (எஸ்பியர்)

தம்பி, பெரிய கைட் வாங்க வேண்டாம். வடக்கே பறக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இழுவை காணாது என்றால் வடக்கேயும் பறக்க முடியாது. 10 மீட்டரை வைத்துக்கொண்டு இதே பிழையைச் செய்தால் மணல்மேட்டுக்கு இன்னும் விரைவாகப் போய்ச் சேர்வீர்கள், வேறு ஒன்றும் நடக்காது.

நான் ஃபானோத் தீவிலும் ரோமோவிலும் பக்கிதான் அதிகம் ஓடுவேன், பலகையும் ஓடுவேன். (அந்தப் பெரியவர் நானில்லை. எனக்கு வியர்க்கும்.) நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு கைட்டில் தொடங்கவில்லை, நீங்கள் கோடு பிடித்த விதத்தில் தொடங்குகிறது.

கடற்கரையைக் கோடாக எடுத்து, தண்ணீருக்குச் சமாந்தரமாக வடக்கே ஒரு ஓட்டம், தெற்கே ஒரு ஓட்டம் என்று ஓடியிருக்கிறீர்கள், அப்படித்தானே? ஆனால் காற்று நேர் மேற்கில் இருந்து வரவில்லை, தெற்குப் பக்கம் 20 பாகைக்கு மேல் சாய்ந்து வந்திருக்கிறது. அப்படியானால் கரையோரமாக வடக்கே போவது என்றால் காற்றோடு சேர்ந்து இறங்குவது. பறக்காமல் என்ன செய்யும்? தெற்கே போவது என்றால் அந்த 20 பாகையையும் காற்றுக்கு எதிரே ஏறுவது. அதாவது ஏறத் தெரியாத ஆள் ஒவ்வொரு தெற்கு ஓட்டத்தையும் ஏற்றத்திலேயே தொடங்கியிருக்கிறீர்கள். வேகம் வராமல் கைட்டை ஆட்டினீர்கள், அது உங்களை மேட்டுக்குத் தள்ளிவிட்டது.

அடுத்த முறை பலகையில் ஏறுவதற்கு முன் ஒரு கம்பில் துணித்துண்டு கட்டி மணலில் குத்துங்கள். அது காட்டும் திசைக்குக் குறுக்கே, சரியாக 90 பாகையில், இரண்டு பக்கமும் தூரத்தில் ஒவ்வொரு குறி பாருங்கள். ஒரு வேன், ஒரு கம்பம், ஏதாவது. அதுதான் உங்கள் கோடு. கரையை மறந்துவிடுங்கள். முதலில் அந்தக் கோட்டின் மேலேயே போய் வரப் பழகுங்கள். ஏறுவது அதன் பிறகு.

இனி கைட். ஆட்டுவதை நிறுத்த வேண்டும். புறப்படும்போது ஒரு முறை கீழே இறக்கி இழுவை எடுக்கலாம், அதோடு சரி. ஆட்டும்போது அது உங்களுக்கு நேர் முன்னே, காற்றுப் போகிற பக்கமாக வந்துதான் இழுக்கிறது, பலகையும் அந்தப் பக்கம்தான் போகும். அது பறக்கக்கூடிய பரப்பின் ஓரத்தில், நீங்கள் போகிற பக்கத்தில், அசையாமல் நிற்கிற கைட்தான் முன்னே இழுக்கும். தலைக்கு மேலே 12 மணி என்று வைத்தால், இடப்பக்கம் போகும்போது 10.30, வலப்பக்கம் போகும்போது 1.30. அங்கே நிறுத்திவிட்டுக் கையைச் சும்மா வைத்திருங்கள். அசையாத கைட்டில் முதலில் இழுவை குறைவாகத்தான் இருக்கும். பலகை ஓட ஓட, நீங்களே உண்டாக்குகிற முன்காற்றும் கைட்டில் சேரும், அப்போது இழுவை தானாகக் கூடும். அதனால்தான் முதலில் குறுக்கே ஓடி வேகம் எடு, பிறகு ஏறு என்கிறோம். நின்ற இடத்தில் இருந்து நேரே ஏறப் பார்த்தால் ஒருநாளும் ஏறாது.

வேகம் வந்த பிறகும் கடலைப் பார்த்துத் திருப்பாதீர்கள். உங்கள் குறிக்குக் கொஞ்சம் மேலே, அதாவது காற்று வருகிற பக்கமாக, ஒரு கார் அகலம் மட்டும். இழுவை இன்னும் இருக்கிறதா? இன்னும் ஒரு கார். குறைகிறதா? உடனே கொஞ்சம் இறக்கிக்கொடுத்து வேகத்தைத் திரும்ப எடுங்கள். இந்தப் பேரம்தான் முழு வித்தையும்.

உங்கள் நண்பன் சொன்னது தண்ணீருக்குச் சரி. அங்கே பலகையின் விளிம்பு வெட்டினால்தான் பிடி கிடைக்கும். மணலில் டயருக்கு ஏற்கெனவே பிடி இருக்கிறது. குதிகாலை அழுத்தினால் பலகை சரியும், சரிந்தால் சில்லுகளைத் தாங்குகிற இரண்டு அச்சும் (டிரக்) திரும்பும், திரும்பினால் நேரே காற்றுக்குள் போய் நிற்கும். ஆகவே உடம்பைச் சாய்க்க வேண்டும், பலகையைச் சாய்க்கக் கூடாது. கைட்டோடு பிணைக்கிற இடுப்புப் பட்டையில் (ஹார்னஸ்) இருந்து தொங்குவதுபோல இடுப்பை முன்னே கொடுத்துத் தோளைப் பின்னே விடுங்கள், கால்விரலால் பலகையைச் சமமாகப் பிடித்திருங்கள். கண் போகிற இடத்தில் இருக்கட்டும், கைட்டில் வேண்டாம்.

ரோமோ மணலில் இன்னொரு விஷயமும் உண்டு. தண்ணீர்ப் பக்கம் ஈரமாக, இறுக்கமாக இருக்கும். மேட்டுக்குப் போகப் போகப் பொலபொலவென்று இருக்கும். ஒரு முறை கீழே, அதாவது காற்றுப் போகிற மேட்டுப் பக்கம், இறங்கிவிட்டீர்கள் என்றால் சில்லு புதைந்து வேகம் போய்விடும், வேகம் போனால் இன்னும் இறங்குவீர்கள். கால்வாசி தூரம் இறங்கியதுமே நிறுத்திவிட்டு நடந்து மேலே வாருங்கள்.

நாலுநூல் (பிரிஸ்டல்)

மணல்வண்டி அண்ணை சொன்ன கோட்டு விஷயம் முற்றிலும் சரி. நான் பிரீன் கடற்கரையில் பலகை ஓடுகிறேன். அங்கே வற்று நேரத்தில் தண்ணீர் ஓரம் போனால் சேறு ஆளையே பிடித்துக்கொள்ளும். அதனால் எங்களுக்கு ஏறுவதைவிட எங்கே நிறுத்துவது என்று தெரிவதுதான் முக்கியம்.

அண்ணை பக்கிக்காரர் என்பதால் விட்டுப்போன ஒன்று: உங்கள் டிரக் எவ்வளவு இளக்கம்? மலைச்சரிவில் ஓடுவதற்கென்று வருகிற பலகைகளில் ஸ்பிரிங் இளக்கமாக இருக்கும், சின்னச் சாய்வுக்கே திரும்பிவிடும். கைட்டுக்கு அது ஆகாது. ஸ்பிரிங்குக்குள் வைக்கிற ரப்பரில் கடினமானது கிடைக்கும், போட்டுப் பாருங்கள். காசு செலவழிக்கும் முன் இருக்கிற திருகை இறுக்கிப் பாருங்கள். சமதரையில் பலகை மேல் நின்று குதிகாலை அழுத்தும்போது அது லேசாகச் சரிந்தால் போதும். பொத்தென்று சரிந்தால் என்ன வித்தை காட்டினாலும் நீங்கள் ஏறப்போவதில்லை.

சம்பந்தம் இல்லாமல் ஒன்று. எங்கள் பிரிஸ்டல் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் 1826இல் பட்டம் இழுக்கிற வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார், அதுவும் நாலு நூல்தான். அப்போது சாலைச் சுங்கம் குதிரைக் கணக்கில் என்பதால், குதிரை இல்லாத அந்த வண்டிக்குக் காசு கேட்க முடியவில்லை. ரோமோவில் யாராவது சுங்கம் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கொக்குப்பட்டம்

இரண்டு பேருக்கும் நன்றி. கரையைக் கோடாக எடுத்தது உண்மைதான், வேறு கோடு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. டிரக்கையும் இப்போதுதான் பார்த்தேன். பொத்தென்றுதான் சரிகிறது.

ஒரு சந்தேகம். கைட் பின்பக்கமாகச் சரிகிறது என்றேனே, அது பலகை நின்றுபோவதால் மட்டும்தானா? சில நேரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் பாரை முழுக்க இழுத்தால் பின்னால் போகிறது. நான் எப்போதும் முழுக்கத்தான் இழுத்து வைத்திருப்பேன், இழுவை வேண்டும் என்று.

மணல்வண்டி

அதுதான் முழுக்க இழுக்கக் கூடாது. பாரை இழுத்தால் கைட்டின் பின்விளிம்பு இறங்கும். ஓரளவு வரை இழுவை கூடும், அதற்கு மேல் கைட் முன்னே பறப்பதை விட்டுவிட்டுப் பின்னால் தொய்ந்து போகும். ஊரில் முச்சையை (பட்டத்தில் நூலைப் பிணைக்கிற கட்டு) மேலே கீழே மாற்றிக் கட்டினால் பட்டம் ஒன்றில் ஏறும் அல்லது குத்தும், நினைவிருக்கிறதா? பார் என்பது ஓடிக்கொண்டே முச்சை மாற்றுகிற வேலை. ஒரு சாண் விட்டுக்கொடுங்கள். கைட் கொஞ்சம் முன்னே போய் ஓரத்தில் நிற்கும், ஏறுவதற்கு அந்த இடம்தான் வேண்டும்.

விட்டுக்கொடுத்தும் சரிந்தால் நூல்களை அளவு பாருங்கள். முன் நூல்கள்தான் அதிகப் பாரம் தாங்குகின்றன, பழைய கைட்டில் அவை நீண்டுபோயிருக்கும். அப்படியென்றால் பாரைத் தொடாமலே கொஞ்சம் இழுத்து வைத்த மாதிரி ஆகிவிடும். நாலு நூலின் நுனியையும் ஒரு கம்பத்தில் கட்டி, பாரை முழுக்க இழுத்து, முன் நூல்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரிம் பட்டியை முழுக்க விட்டுவிட்டு இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலான கைட்டுகளில் நாலும் ஒரே நீளம் வர வேண்டும். பின் நூல்கள் கட்டையாக இருந்தால், அவற்றைப் பிணைக்கிற சின்னக் கயிற்றில் முடிச்சுகள் இருக்கும், வெளி முடிச்சுக்கு மாற்றுங்கள்.

கொக்குப்பட்டம்

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். பின் நூல் இரண்டும் ஒரு விரற்கடை கட்டை, மாற்றினேன். டிரக்கை இறுக்கினேன். கம்பில் மகளின் பழைய பாவாடைத் துணி.

தெற்கே இப்போது கோட்டின் மேலேயே போகிறேன், கொஞ்சம் ஏறவும் செய்கிறேன். ஆனால் திரும்புகிற இடத்தில் ஏறியது எல்லாம் போய்விடுகிறது. கைட்டை மற்றப் பக்கம் வீசினால் அது என்னைக் காரின் நீளத்தைவிட அதிகமாகக் காற்றுப் போகிற பக்கம் இழுத்துவிடுகிறது.

நாலுநூல்

வீசாதீர்கள், அவ்வளவுதான். ஓட்டத்தின் கடைசியில் பலகையைக் கொஞ்சம் மேலே திருப்பினால் அதுவாகவே வேகம் குறையும். குறைந்த பிறகுதான் கைட்டை மெதுவாக 12க்குக் கொண்டுவர வேண்டும். வேகமாகப் போகும்போது கொண்டுவந்தால் ஆளைத் தூக்கும், தலைக்கவசம் போட்டிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முழுக்க நின்றபின் மற்றப் பக்கம் மெதுவாக 1.30 வரைக்கும் இறக்கிப் புறப்படுங்கள், 3 மணி வரைக்கும் குத்த வேண்டாம். பலகையைத் திருப்ப வேண்டியதில்லை, மற்றக் காலை முன்காலாக வைத்துப் போங்கள். இன்னொன்று, ஓட்டத்தை நீளமாக்குங்கள். ரோமோவில் இடத்துக்கா பஞ்சம்? திரும்புவது குறைந்தால் இழப்பதும் குறையும்.

மணல்வண்டி

மற்றக் கால் முன்னே வரும்போது முதலில் தடுமாறும், அந்தப் பக்கம் ஏறுவதற்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை பழகிய பக்கத்தில் ஏறுங்கள், மற்றப் பக்கத்தில் கோட்டைக் காத்தால் காணும்.

வருகிற சனிக்கிழமை காற்று நேர் மேற்கு, விநாடிக்கு 7 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். நான் தெற்குக் கடற்கரையில் பக்கிகளுக்கு ஒதுக்கிய பகுதியில் இருப்பேன். டிரக் சாவியைக் கொண்டு வாருங்கள், என்னிடம் உள்ளது உங்கள் திருகுக்குப் பொருந்தாது.