ஜெனரேட்டர் நாசில் நம்பர் டெக்னிக்கல் ஃபைலோடு ஒத்துப்போகவில்லை, ராட்டர்டாம் போகுமுன் என்ன செய்யலாம்?

தேர்ட்_சென்னை:
வணக்கம். பல்க் கேரியரில் தேர்ட் இன்ஜினியராக இருக்கிறேன். 2014-இல் கட்டிய கப்பல். ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு ராட்டர்டாம் போகிறோம். வழியில் லாஸ் பல்மாஸில் பங்கர் (கப்பல் எரிபொருள்) எடுக்க நிற்போம்.

2-ஆம் நம்பர் ஜெனரேட்டரில் பிரச்சினை. ஆறு சிலிண்டர், 900 ஆர்.பி.எம்., டயர் 2 (Tier 2: நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடு வெளியீட்டு வரம்பு). லோடு 60 சதவீதத்தைத் தாண்டினால் கரும்புகை வருகிறது. 3, 5 யூனிட்களில் (சிலிண்டர்களில்) எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் மற்றவற்றைவிட 40 டிகிரி அதிகம், பீக் பிரஷர் குறைவு. நான் கப்பல் ஏறுமுன் இந்த இரண்டு யூனிட்டிலும் இன்ஜெக்டரின் நாசிலை (எண்ணெயைத் தெளிக்கும் முனை) மாற்றியிருக்கிறார்கள்.

5-இன் இன்ஜெக்டரைக் கழற்றி, கேப் நட்டை அவிழ்த்து, காலரில் பொறித்திருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டெக்னிக்கல் ஃபைலில் (நாக்ஸ் சான்றிதழில் ஏற்ற பாகங்களும் செட்டிங்குகளும் உள்ள ஆவணம்) உள்ள எண்ணுக்கும் இதற்கும் கடைசி இரண்டு இலக்கம் வேறு. ஸ்டோரில் இருக்கும் புது ஸ்பேரும் அதே தப்பான நம்பர்தான். இன்ஜின் பாராமீட்டர் ரெக்கார்டு புக்கில் மட்டும் ஃபைலில் உள்ள எண்ணையே எழுதி வைத்திருக்கிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை. புகைக்குக் காரணம் நாசில்தானா? போர்ட் ஸ்டேட் இன்ஸ்பெக்ஷனில் (துறைமுக நாட்டு அதிகாரிகளின் சோதனை) இதை எப்படிச் சொல்வது?

கடல்காற்று:
ராட்டர்டாம் பெர்த்தில் 0.10 சதவீத சல்ஃபர் எம்.ஜி.ஓ. (மரைன் கேஸ் ஆயில்) தானே எரிப்பீர்கள், பிறகு என்ன? இன்ஜெக்ஷன் டைமிங்கைக் கொஞ்சம் லேட் பண்ணி வையுங்கள், நாக்ஸும் குறைந்துவிடும்.

பழைய_சீஃப்_தூத்துக்குடி:
தம்பி, மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். சல்ஃபர் வேறு, நாக்ஸ் வேறு. மார்போல் (கப்பல் மாசுத் தடுப்பு உடன்படிக்கை) ஆறாம் இணைப்பில் 14-ஆவது விதி எண்ணெயைப் பற்றியது. சல்ஃபர் உலகம் முழுக்க 0.50 சதவீதம், ஈ.சி.ஏ. என்ற உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கடற்பகுதிக்குள் 0.10. பங்கர் ரசீதும் சாம்பிளும் சரியாக இருந்தால் அது முடிந்தது. 13-ஆவது விதி இன்ஜினைப் பற்றியது. எவ்வளவு சுத்தமான எண்ணெய் ஊற்றினாலும் தப்பான நாசில் சரியான நாசில் ஆகாது.

உங்கள் இன்ஜினுக்கு 900 ஆர்.பி.எம்.மில் டயர் 2 வரம்பு கிலோவாட் மணிக்குச் சுமார் 9.2 கிராம். அதைத் தொழிற்சாலை டெஸ்ட் பெட்டில் அளந்து சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கப்பலில் யாரும் அனலைசரைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கமில்லை. அன்றைக்கு இன்ஜினில் எந்த நாசில், எந்த பிளஞ்சர் (ஃபியூயல் பம்புத் தண்டு), எந்த கேம், எந்த டர்போசார்ஜர், எந்த டைமிங் இருந்ததோ அதே இன்றும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதனால்தான் அந்த இரண்டு இலக்கத்துக்கு இவ்வளவு மதிப்பு.

டைமிங்கும் அப்படித்தான். ஃபைலில் கொடுத்த எல்லைக்குள் மட்டுமே நகர்த்தலாம். ஏற்கெனவே எக்ஸாஸ்ட் சூடாக இருக்கிற இன்ஜினில் இன்னும் லேட் பண்ணினால் எக்ஸாஸ்ட் வால்வுதான் அடி வாங்கும்.

புகைக்கு வருவோம். துளையின் அளவோ கோணமோ மாறினால் ஸ்பிரே சரியாக உடையாது. பிஸ்டன் கிரௌனிலோ லைனரிலோ போய்ப் படும். எரிவது தாமதமாகும். அதனால்தான் பீக் பிரஷர் இறங்கி எக்ஸாஸ்ட் ஏறுகிறது. ஆனால் நாசில் மேல் பழி போடுமுன் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 5-ஆம் யூனிட்டின் இன்ஜெக்டரை 2-ஆம் யூனிட்டுக்கும், 2-இன் இன்ஜெக்டரை 5-க்கும் போடுங்கள். சூடு இன்ஜெக்டரோடு போனால் காரணம் நாசில். 5-லேயே நின்றால் ஃபியூயல் பம்ப், ராக் இண்டெக்ஸ் (பம்பு தரும் எண்ணெய் அளவைக் காட்டும் எண்), வால்வு கிளியரன்ஸ் பாருங்கள். சார்ஜ் ஏர் பிரஷரையும், ஏர் கூலரில் டிஃபரன்ஷியல் பிரஷரையும் குறித்து வையுங்கள். கூலர் அடைத்திருந்தால் ஆறு யூனிட்டும் சேர்ந்து சூடாகும், உங்களுக்கு இரண்டுதான்.

சர்வே_பக்கம்:
நான் கிளாஸ் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்) வேலையில் இருக்கிறேன். ரெக்கார்டு புக் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் எல்லா மாற்றத்தையும் தேதி வரிசையில் எழுத வேண்டும். அதே எண் கொண்ட பாகத்தை மாற்றினாலும், எல்லைக்குள் டைமிங் திருத்தினாலும் எழுத வேண்டும். பழைய பதிவை அடிக்காதீர்கள், திருத்தாதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். இன்றைய தேதியில் புதிதாக ஒன்று எழுதுங்கள்: எந்த யூனிட்டில் திறந்து பார்த்தோம், என்ன எண் இருந்தது, ஃபைலில் என்ன எண். சீஃப் கையெழுத்துப் போடட்டும். அதே நாளில் கம்பெனிக்கு மெயில் போகட்டும்.

வேறு கம்பெனி பாகம் என்பதற்காக மட்டும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஃபைலில் இல்லாத எண் என்றால், கப்பலின் கொடி நாட்டின் சார்பில் கிளாஸ் ஏற்று ஃபைலைத் திருத்த வேண்டும். கடலில் போய்க்கொண்டே அது நடக்காது. உங்களுக்கு எளிய வழி, சரியான நாசிலை மாட்டுவது. பொறிப்பு கேப் நட்டுக்குள் மறைந்திருப்பதால், இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வதற்குமுன் ஸ்டோரில் உள்ள ஸ்பேரைத்தான் கேட்போம். தப்பான நம்பர் ஸ்பேரைத் தனிப் பெட்டியில் போட்டு, 'பயன்படுத்தக் கூடாது' என்று டேக் கட்டிவிடுங்கள்.

தேர்ட்_சென்னை:
சார், அண்ணா, இருவருக்கும் நன்றி. 2-க்கும் 5-க்கும் மாற்றிப் போட்டேன். சூடு இன்ஜெக்டரோடு 2-க்குப் போய்விட்டது, 5 மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. ராக் இண்டெக்ஸ் எல்லா யூனிட்டிலும் ஒன்றுதான். சீஃபிடம் முதலில் லென்ஸில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவரே கம்பெனிக்கு எழுதினார். சரியான எண்ணுள்ள நாசில் லாஸ் பல்மாஸில் லாஞ்ச் (சிறு படகு) வழியாக வருகிறது. ஒர்க்ஷாப் அலமாரியில் பழைய நாசில்கள் கிடந்தன, எண் சரி. அவற்றை டெஸ்ட் பம்பில் போட்டால் ஒன்று நன்றாக அடிக்கிறது, மற்றொன்று சொட்டுகிறது. அதுவரை என்ன செய்யலாம்?

பழைய_சீஃப்_தூத்துக்குடி:
நன்றாக அடிப்பதை மேனுவலில் சொன்ன பிரஷருக்கு செட் பண்ணி ஒரு யூனிட்டுக்குப் போடுங்கள். சொட்டுவதைத் தொடாதீர்கள், பிஸ்டன் கிரௌனைத் தின்றுவிடும். மற்ற இரண்டு ஜெனரேட்டரையும் ஓடவிட்டு இதை ஸ்டாண்ட்பையில் வையுங்கள். நாசில் வந்ததும் புதிதாக மாட்டி, லோடு கொடுத்து ஒவ்வொரு யூனிட்டின் பீக் பிரஷரும் எடுத்து, ரெக்கார்டு புக்கோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று. இங்கிலீஷ் சானலுக்குள் நுழையுமுன் எம்.ஜி.ஓ.வுக்கு மாறுவீர்கள் அல்லவா? எண்ணெயின் சூட்டை நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் இறங்க விடாதீர்கள், வேகமாக இறக்கினால் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். பம்புக்குள் போகும்போது விஸ்காசிட்டி 2 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போகக் கூடாது. தேய்ந்த பம்பு இருந்தால் அப்போதுதான் தெரியும், ஸ்டாண்ட்பை செட் ஸ்டார்ட் ஆகாது. ஆழ்கடலில் இருக்கும்போதே மூன்று ஜெனரேட்டரையும் எம்.ஜி.ஓ.வில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

தேர்ட்_சென்னை:
நாசில் வந்துவிட்டது. பெட்டியிலேயே எண்ணைப் படம் எடுத்து, ஃபைல் பக்கத்தோடு சரிபார்த்த பிறகுதான் மாட்டினேன். 75 சதவீத லோடில் புகை இல்லை, ஆறு யூனிட்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரிக்குள். மூன்று பதிவும் ரெக்கார்டு புக்கில் இருக்கிறது. கழற்றிய இரண்டும் பெட்டியில் டேக்கோடு இருக்கின்றன. இவற்றை ராட்டர்டாமில் இறக்கிவிடலாமா?

சர்வே_பக்கம்:
இன்ஸ்பெக்ஷன் முடியும்வரை கப்பலிலேயே இருக்கட்டும். 'எது இருந்தது' என்று கேட்டால் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். அப்புறம் டெலிவரி ரசீது வாங்கிக்கொண்டு கரைக்கு அனுப்புங்கள்.