மறுமொழி: ‘மென்னெகிழி இரை’ வேண்டாம், ‘துவளிரை’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தூண்டில்காரர்கள் பாஸ், கிராப்பி மீன்களுக்குப் போடும் புழு, குஞ்சுமீன் வடிவச் செயற்கை இரைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழை தொடங்கியது. மென்னெகிழி இரை, ரப்பர் இரை, போலி இரை என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> “நெகிழி என்ற சொல் நிலைத்துவிட்டது. மென் என்ற அடையைச் சேர்த்தால் வேலை முடிந்தது.”

நெகிழி நிலைத்துவிட்டது என்பது சரி. ஆனால் பொருளை வைத்துப் பெயரிட்டால் இந்தத் துறையில் சிக்கல் வரும். 1949இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில் நிக் கிரீம் என்பவர் வினைலில் மண்புழுவை வார்த்தெடுத்ததிலிருந்து பெரும்பாலானவை பி.வி.சி.யைக் குழைத்துச் சூடாக்கி அச்சில் ஊற்றியே செய்யப்படுகின்றன. மிருதுவாக இருக்க அதில் எண்ணெய் போன்ற ஒரு குழைப்பான் கலந்திருக்கும். இப்போது இழுத்துவிட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் வேறு வகை மீள்மப் பொருளில் செய்தவையும் கடைக்கு வந்துவிட்டன. அவை எளிதில் கிழியாது, நீரில் மிதக்கும். இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டால், ஒன்று மற்றதைக் கரைத்து எல்லாம் ஒரே பிசினாகிவிடும். பெட்டியின் அடிப்பாகம்கூட இளகிப்போவதுண்டு. ஆகவே தூண்டில்காரருக்கு இவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஆனால் தூண்டில் முள்ளில் கோர்த்து நீரில் விட்டால் இரண்டும் செய்வது ஒரே வேலை. அந்த வேலையைச் சொல்லும் பெயர்தான் நமக்குத் தேவை.

ரப்பர் இரைக்கும் இதே மறுப்புத்தான், இவற்றில் ரப்பரே இல்லை. விராலுக்குத் தவளை போடும் நம் ஊர்ப் பையன்கள் ‘ரப்பர் தவளை’ என்கிறார்கள். அமெரிக்காவிலும் மூத்தவர்கள் ரப்பர் புழு என்றே சொல்வார்கள். பேச்சில் அது தாராளமாக இருக்கட்டும். கையேட்டில் எழுத, வகைப்படுத்த, அது போதாது.

‘போலி இரை’யைப் பற்றி: இன்று இணையக் கடையில் போலி என்றால் கள்ளப்பொருள், பெயர்பெற்ற நிறுவனத்தின் நகல். வாங்குபவர் பயந்துவிடுவார். பொய்க்கால் என்று அழகாகச் சொல்கிற மொழி நம்முடையது. அந்த வழியில், செயற்கை இரை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகப் பொய்யிரை என வைத்துக்கொள்ளலாம். மரத்தாலான மீன், கரண்டித் தகடு, இறகு கட்டிய முள் எல்லாம் அதில் அடங்கும். அதன் ஒரு பிரிவுக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

என் பரிந்துரை துவளிரை. துவள் + இரை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. முதலில் ‘குழைவிரை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். கேட்க இனிமையாக இருந்தாலும் சேர்த்து எழுதும்போது ‘விரை’ என்று வேறு சொல் எட்டிப்பார்க்கிறது. துவளிரையில் அந்தத் தொல்லை இல்லை.

> “துவளுதல் என்றால் சோர்ந்துபோதல் அல்லவா? மீனைக் கவரும் பொருளுக்குச் சோர்வான பெயரா?”

துவளுதலுக்கு வளைந்து அசைதல் என்ற பொருளும் உண்டு. கொடி துவள்கிறது, இடை துவள்கிறது என்கிறோமே. தவிர, சோர்வும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது. குச்சி போன்ற ஐந்து அங்குலத் துவளிரைப் புழு ஒன்றை எடுத்து, நடுவில் முள்ளைக் குத்தி, இரையை மூழ்கடிக்கக் கட்டும் குண்டு எதுவும் இல்லாமல் நீரில் விட்டுப் பாருங்கள். அதில் உப்பு நிறையக் கலந்திருப்பதால் தானாகவே இறங்கும். இறங்கும்போது இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்து மெல்ல நடுங்கும். நீங்கள் தூண்டில் கம்பை அசைக்கவே வேண்டாம். பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் பாஸ் வாய் வைக்கும். நடுங்கிக்கொண்டு மூழ்கும் எதுவும் அதற்கு எளிதில் பிடிபடும் உயிர். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் கிறுக்குத்தனம் என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. அதைத் தமிழுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. ‘நடுக்கோர்வை’ என்றால் கேட்ட உடனே செய்துவிடலாம்.

அடுத்தது, முள்ளையும் குண்டையும் இரையையும் சேர்த்துக் கட்டும் அமைப்புக்கான சொல். ‘கோப்பு’ என்றார்கள். கணினியில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘கட்டு’ போதும். டெக்சஸ் கட்டு, கரோலினா கட்டு. ஊர்ப்பெயர்கள் அப்படியே இருக்கட்டும். ‘நெட் கட்டு’ என்ற பெயரும் அப்படியே. கன்சாஸ் தூண்டில்காரர் நெட் கேடியின் பெயர் அது.

டெக்சஸ் கட்டை விளக்கிப் பார்த்தால் நம் சொற்கள் தாங்குகின்றனவா என்று தெரிந்துவிடும். தூண்டில் நரம்பில், அதாவது தூண்டில் இழையில், முதலில் தோட்டா வடிவக் குண்டை, கூர்முனை மேலே பார்க்கும்படி கோர்க்க வேண்டும். பிறகு 3/0 அல்லது 4/0 அளவு முள்ளைக் கட்ட வேண்டும். ஏழு அங்குலத் துவளிரைப் புழுவின் தலை நுனியில் முள்ளைக் கால் அங்குலம் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது தலைக்குள் புதையும்வரை இழுத்துத் திருப்ப வேண்டும். முள்ளின் வளைவு உடம்பில் எந்த இடத்தில் படுகிறது என்று பார்த்து, அங்கே குத்தி, முனையை மறுபக்கத் தோலுக்கு அடியில் மறைத்துவிட வேண்டும். புழு நேராக நிற்க வேண்டும். கோணலாக இருந்தால் இழுக்கும்போது சுற்றும், நரம்பு முறுக்கிக்கொள்ளும். முனை மறைந்திருப்பதால் பாசியிலும் மூழ்கிய மரக்கிளையிலும் மாட்டாது. இதற்கு ‘மறைமுள்’ என்கிறேன். விளக்கி முடித்தபோது எங்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா?

குண்டுக்கு ‘ஈயம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் கரையோரத்தில் அதுதான் வழக்கு. ஆனால் நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், வெர்மான்ட் போன்ற மாநிலங்களில் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. லூன் என்னும் நீர்ப்பறவை அவற்றை விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. பலர் டங்ஸ்டனுக்கு மாறிவிட்டார்கள். அது ஈயத்தைவிட அடர்த்தி கூடியது, அதே எடைக்கு உருவம் சிறியது, அடியில் கல் தட்டுவது கைக்குத் தெளிவாகத் தெரியும். ‘டங்ஸ்டன் ஈயம்’ என்று எழுத முடியாதே! ஆகவே குண்டு. முள்ளோடு சேர்த்து வார்த்த ஜிக் தலை ‘குண்டுத்தலை முள்’.

கிராப்பிக்கு வரும்போது எல்லாம் சின்னதாகிவிடும். அதன் வாயோரச் சவ்வு மிக மெல்லியது, காகிதவாய் என்றே பட்டப்பெயர். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். 1/16 அல்லது 1/32 அவுன்ஸ் குண்டுத்தலை, இரண்டு அங்குலத்துக்குள் ஒரு குழல் வடிவத் துவளிரை, 4 முதல் 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு, நன்றாக வளைந்துகொடுக்கும் கம்பு, இவ்வளவுதான். கிராப்பி அண்ணாந்து பார்த்து இரை எடுக்கும். கூட்டம் பத்தடி ஆழத்தில் இருந்தால் இரை ஒன்பதடியில் நிற்க வேண்டும். பன்னிரண்டடிக்கு இறக்கிவிட்டால் கண்டுகொள்ளாது. அதனால்தான் நரம்பில் நகரும் தக்கை இங்கே முக்கியம். தக்கை நல்ல சொல், அதைத் தொட வேண்டாம்.

மீன்பெயர்களைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். பாஸுக்குக் கொடுவா என்று போடாதீர்கள். கொடுவாவைச் சந்தையில் ‘சீ பாஸ்’ என்று விற்பதால் வரும் குழப்பம் இது. பெருவாய்ப் பாஸும் கிராப்பியும் வட அமெரிக்க நன்னீரில் வாழும் சூரியமீன் குடும்பம். நம் நீர்நிலையில் அவற்றுக்கு உறவே இல்லை. கெண்டை, கெளுத்தி எதுவும் பொருந்தாது. பாஸ், கிராப்பி என்றே எழுதுவோம்.

நரம்பா தங்கூசியா என்ற சண்டையையும் விட்டுவிடலாம். தமிழகத்தில் முன்னது, ஈழத்தில் பின்னது, இரண்டையும் பதிவில் வைப்போம். பின்னிய இழை மட்டும் நரம்பில் அடங்காது, அதற்குப் பின்னல் நூல்.

எனக்கு அகப்படாத சொல் ஒன்று இருக்கிறது. கரோலினா கட்டில் குண்டும் சுழல்வளையமும் முடிந்தபின், முள்ளுக்குப் போகும் ஒன்றரை முதல் மூன்றடிக் குட்டை நரம்புத் துண்டு வருமே, அது. ஆயிரம் முள் போடும் கடல் தூண்டில்காரர்கள் நெடுங்கயிற்றிலிருந்து முள்ளுக்கு இறங்கும் துண்டுக்கு ஏதேனும் பெயர் வைத்திருப்பார்கள். இராமேஸ்வரம், தூத்துக்குடி, மன்னார்ப் பக்கம் உறவுள்ளவர்கள் கேட்டுச் சொன்னால், புதிதாக ஒன்றும் ஆக்காமல் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.