அரிசி ஆலை ஆபீஸ் சர்வர்: லினக்ஸா, விண்டோஸா?

நெல்மூட்டை (மன்னார்குடி):
ரைஸ் மில் ஆபீஸ். ஆறு சீட், கணக்கு எழுத டேலி பிரைம் கோல்டு (பல பேர் சேர்ந்து பயன்படுத்துற லைசென்ஸ்). டேட்டா இருக்கிற மெஷின் 6-ஆம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. அதுக்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு இந்த ப்ராசஸர் லிஸ்ட்லயே இல்ல. லினக்ஸ் போடலாமா, புதுசு வாங்கலாமா?

காவிரிக்கரை:
புதுசு எதுக்கு? லினக்ஸ்ல உபுண்டு சர்வர் 24.04 போடுங்க, 2029 வரை அப்டேட் வரும். சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் மெஷினுக்குத் திறந்துவிடுற மென்பொருள்) மூலமா டேட்டா ஃபோல்டரை ஷேர் பண்ணுங்க. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் மட்டும் வேண்டாம். விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 அதைத் திறக்காது. ஆளுக்கொரு யூசர், பாஸ்வேர்டு. அந்த ஷேருக்கு ஆப்லாக்ஸை (கிளையன்ட் மெஷின் ஃபைலைத் தன்கிட்டயே வச்சுக்க விடுற வசதி) நிறுத்திடுங்க. இல்லேன்னா கிளையன்ட் ஃபைலைத் தன் கேஷில் வச்சுக்கும், கேபிள் லூசானா என்ட்ரி டிஸ்குக்கே வராது.

குடந்தைக் கணக்கு:
லைசென்ஸை மறந்துட்டீங்களே சார். கோல்டு லைசென்ஸை மத்த சீட்டுக்குக் கொடுக்கிற டேலி கேட்வே சர்வர் ஒரு விண்டோஸ் சர்வீஸ். எப்படியும் ஒரு விண்டோஸ் மெஷின் ஆன்ல இருக்கணும். டேட்டாவும் அதுலயே இருக்கட்டுமே. 11 ப்ரோவே 20 கனெக்‌ஷன் வரை தாங்கும். சம்பா அறுவடையில லாரி வரிசைகட்டி நிக்கும்போது ஷேர் திறக்கலேன்னா, சாம்பா தெரிஞ்ச ஆளை எங்க தேடுவார்?

காவிரிக்கரை:
கேட்வேயை கேஷியர் மெஷின்ல வைக்கலாம். டேட்டாவைத் தனியா வைக்கச் சொல்றது ரான்சம்வேருக்கு (ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேட்கிற வைரஸ்) பயந்து.

குடந்தைக் கணக்கு:
அதுல அர்த்தமே இல்ல. பில்லிங் மெஷின்ல புகுந்தா, அந்த யூசர் எழுதக்கூடிய ஷேர் எல்லாத்தையும் பூட்டும். பின்னாடி லினக்ஸ் இருந்தா என்ன?

காவிரிக்கரை:
ஷேரைப் பூட்டட்டும். பீடிஆர்எஃப்எஸ்ங்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்துல ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட மாத்த முடியாத நகல்) எடுத்து ஷேருக்கு வெளியே வச்சா, பில்லிங் மெஷினுக்கு அது கண்ணுலயே படாது. ராத்திரி எல்லாரும் டேலியை மூடின பிறகு எடுக்கணும். என்ட்ரி ஓடும்போது எடுத்தது பாதி எழுதினதா இருக்கும்.

அச்சுக்கூடம் (தஞ்சாவூர்):
சர்வர் எதுவோ ஆகட்டும். மூட்டை லேபிள் அடிக்கிற டிசைன் மெஷின்ல லினக்ஸ் பேச்சே வேணாம். டிசைன் பண்ற கோரல்டிரா இப்ப லினக்ஸுக்கு வர்றதில்ல. பழைய ஃபைல் எல்லாம் பாமினி மாதிரி யுனிகோடு அல்லாத எழுத்துரு. வேற மென்பொருள்ல திறந்தா லேஅவுட் கலையும்.

நெல்மூட்டை:
சரிங்க. மில் மோட்டார் ஸ்டார்ட் பண்ணினா ஆபீஸ்ல வோல்டேஜ் இறங்குதே?

குடந்தைக் கணக்கு:
சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் போதாது. பில்லிங் மெஷினோ ஸ்விட்ச்சோ அணைஞ்சாலும் பாதி வவுச்சர் கெடும். லினக்ஸ் ஜர்னல் (டிஸ்கில் எழுதுறதை முன்கூட்டியே குறிச்சு வைக்கிற பதிவு) காப்பாத்துறது ஃபைல் சிஸ்டத்தை, உங்க கணக்கை இல்ல.

காவிரிக்கரை:
ஸ்விட்ச் விஷயம் சரி. சர்வருக்கு யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ்ஸா வாங்குங்க. என்யூடி (யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கிற மென்பொருள்) நிறுவினா பேட்டரி தீர்றதுக்குள்ள தானே முறையா அணைஞ்சுக்கும்.