துறை மாறி முதுநிலைக்கு விண்ணப்பித்த அனுபவங்கள்

இளநிலையில் ஒரு துறையில் ஆய்வு செய்துவிட்டு, முதுநிலைக்கு வேறொரு துறையை நாடும் தம்பி தங்கைகள் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்தில் பெருகி வருகிறார்கள். பழைய ஆய்வை விண்ணப்பத்தில் சொல்லலாமா, சொன்னால் அது தடையாகுமா என்பதே அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது. சொல்ல வேண்டும், அதுவும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து உறுதியாகக் கூறுகிறேன்.

நான் விவசாய அறிவியல் படித்தவள். என் இறுதியாண்டு ஆய்வு செம்பனையின், அதாவது எண்ணெய்ப் பனையின், அடித்தண்டு அழுகல் நோயைப் பற்றியது. கானோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சை இந்நோயை உண்டாக்குகிறது. தென்னையை அழித்துச் செம்பனை நட்ட கடலோர நிலங்களில் இதன் தாக்கம் கடுமையாக இருக்கும். மண்ணில் விடப்பட்ட பழைய அடிக்கட்டைகளில் பூஞ்சை தங்கியிருந்து புதிய மரத்தின் வேரைப் பற்றிக்கொள்கிறது. வேரோடு வேர் உரசித்தான் நோய் பரவுகிறதா, காற்றில் பறக்கும் பூஞ்சை வித்துகளுக்கும் அதில் பங்குண்டா என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வரும் கேள்வி. தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் தண்டல் ஐயாவின் துணையுடன் நிரை நிரையாக நடந்து, குருத்துகள் விரியாமல் நிற்கும் மரங்களையும் அடித்தண்டில் காளான் முளைத்த மரங்களையும் வரைபடத்தில் குறித்து, அவை கூட்டங்கூட்டமாக இருக்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்று கணக்கிடுவதே என் பணியாக இருந்தது.

முதுநிலையில் நான் படிக்க விரும்பியதோ நோய்ப்பரவலியல்; குறிப்பாக, மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 1,30,000க்கும் மேற்பட்டோரைப் பாதித்த டிங்கிக் காய்ச்சல். தொடர்பில்லாத துறை என்ற ஒரே வரியோடு ஒரு பல்கலைக்கழகம் என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. அந்த வரி என்னை வருத்தியது. ஆயினும் அது நியாயமான முடிவு என்று நான் இன்றும் கருதவில்லை. ஏனெனில் இரண்டு நோய்களிலும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றே: கண்ணுக்குத் தெரியும் நோய், உள்ளே இருக்கும் நோயில் ஒரு பகுதி மட்டுமே. செம்பனையில் இலைகள் அறிகுறி காட்டும்போது அடித்தண்டின் உட்பகுதி பெருமளவு அழுகிப்போயிருக்கும். டிங்கிக் கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் நோய் வெளிப்படுகிறது. அறிகுறியே இல்லாதவரைக் கடிக்கும் கொசுவும் கிருமியைப் பெற்றுப் பிறருக்குக் கடத்தக்கூடும். பதிவான எண்ணிக்கையைக் கொண்டு பதிவாகாததை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விதான் என்னைத் துறை மாறச் செய்தது. அதையே அடுத்த விண்ணப்பத்தின் முதல் பத்தியில் எழுதினேன்.

நேர்காணலில் மூத்த பேராசிரியர் ஒருவர், "மரங்களை எண்ணிய நீங்கள் மனிதர்களை எப்படி ஆய்வு செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். எது பொருந்தும் என்பதை விட எது பொருந்தாது என்பதை முதலில் சொன்னேன். மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். மனிதர்கள் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறார்கள், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் பெரும்பாலும் பகலில்தான் கடிக்கிறது. ஆகவே நோயாளியின் வீட்டு முகவரியை மட்டும் வரைபடத்தில் குறித்தால், தொற்று நிகழ்ந்த இடம் தவறிப்போகலாம். தோட்டத்தில் குடியிருந்து தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர் மக்களிடம் இந்தப் பிழை இன்னும் பெரிதாக இருக்கக்கூடும் என்று விளக்கினேன். அவர் அதையே ஆய்வுத் தலைப்பாக எழுதித் தரச் சொன்னார். பின்னர் அவரே என் மேற்பார்வையாளரும் ஆனார்.

மனிதர்களைப் பற்றிய தரவுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை என்பதையும், சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் நடக்கும் ஆய்வைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பதையும் முன்பே படித்துச் சென்றது பெரிதும் உதவியது. மரத்திடம் சம்மதம் கேட்டுப் பழகாத துறையிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பழைய துறைப் பேராசிரியரிடமே கேளுங்கள். புதிய துறையைப் பற்றி அவர் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. நீங்கள் தரவை எவ்வளவு நேர்மையாகக் கையாண்டீர்கள், எதிர்பார்த்த முடிவு வராதபோது என்ன செய்தீர்கள் என்று அவர் எழுதினால் போதும்.

* * *

அக்கா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் தமிழ் இலக்கியம் படித்து, தோட்டத்துப் பாட்டிமார்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து ஆய்வேடு எழுதியவன்; முதுநிலைக்கு முதியோர் நலத்தைத் தேர்ந்தெடுத்தேன். நேர்காணலில் பாடல்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒரு முதியவர் பேசிக் களைத்துவிட்டார் என்பதை எப்படி அறிவீர்கள், கணவரின் இறப்பைச் சொல்லி ஒருவர் அழுதால் ஒலிப்பதிவை என்ன செய்வீர்கள் என்றே கேட்டார்கள். இரண்டும் எனக்கு நேர்ந்தவை. நிறுத்திவிட்டு, மறுநாள் அவர் விரும்பினால் மட்டும் தொடர்ந்ததைச் சொன்னேன். முன்தேவைப் பாடமாகப் புள்ளியியலை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அந்தப் பாடம் எனக்கு மிகக் கடினமாக இருக்கிறது, அக்கா. எங்கிருந்து தொடங்குவது?

* * *

தம்பி, சூத்திரங்களிலிருந்து தொடங்காதீர்கள். முதியோர் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதிலுள்ள முதல் அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது, எத்தனை பேரிடமிருந்து வந்தது, யார் விடுபட்டார்கள் என்று உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். பாட்டிமார்களின் பேச்சை வரி வரியாகக் கேட்டு எழுதிய பொறுமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த வேலைக்கும் அதே பொறுமைதான் வேண்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.