புதுப்பிப்பு: சேகோ ஆலை வேலையை விடவில்லை

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன், மனம் ஒட்டவில்லை, விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் விடச் சொன்னீர்கள். விடவில்லை.

ஓர் அண்ணன் மட்டும் 2001-இல் ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் எழுதிய ஆய்வுக் கட்டுரையைச் சொன்னார். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர், நோயாளிகளைக் கவனிப்பதிலும் தங்களுக்குப் பங்கு உண்டு என்று எண்ணியே வேலை செய்தார்கள். அவர்களுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. படித்த கையோடு முதலாளியிடம் போனேன். கிழங்கு வரும் பருவத்தில் காலை நேரம் தராசு அருகே நிற்கிறேன் என்றேன். சம்மதித்தார்.

மரவள்ளிக்கு விலை மாவுச்சத்து பாயிண்ட், அதாவது கிழங்கில் மாவு எவ்வளவு என்ற அளவு, பார்த்துத்தான். கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுவோம். வெளியே ஒரே எடை என்றாலும், மாவு அதிகமுள்ள கிழங்கு நீருக்குள் கூடுதல் எடை காட்டும். ஒரு பாயிண்ட் குறைந்தாலும் விவசாயிக்கு வலிக்கும். அதனால் அளவை அவர்களையே பார்க்கச் சொல்கிறேன். சீட்டில் எழுதி, கணக்கை வாய்விட்டுப் படித்த பிறகே கையெழுத்து வாங்குகிறேன். கல்வராயன் மலையடிவாரத்துப் பெரியவர் ஒருவர், மண் காயாத விரல்களால் சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்கள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் லோடு ஏற்றினேன், தம்பி" என்றார். அன்று முழுக்க எனக்குப் பசியே தெரியவில்லை.

சம்பளம் அதேதான். மாதக் கடைசிக் கணக்கு இன்னமும் அலுப்புதான். அடுத்த பருவத்துக்கும் தராசடியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.